அக்கா என்று கூப்பிடக் கூடாத மேசை

அந்த இரண்டு பிள்ளைகளும் எதற்காகச் சண்டை பிடித்தார்கள் என்று உங்களுக்கு ஏன்? முன்பின் தெரியாத இரண்டு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் முகம் கோணிக்கொண்டதைத் தெரிந்துவைத்து என்ன செய்யப் போகிறீர்கள், கறிக்குள் போடுவீர்களா? கதையைத் தொடங்க முதலே காதைத் தீட்டிக்கொண்டு வருகிற ஆட்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது தெரியாது. பத்து வயதுப் பிள்ளை ஒன்றின் வாயிலிருந்து அதைப் பிடுங்குவதற்கு நான் படாத பாடில்லை. உழுந்து வடை சுட்டுக் கொடுத்துப் பார்த்தேன். கதைக்காமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்து பார்த்தேன். நெஞ்சுக்குள் நோகிறது என்றுகூட ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவள் ஓடிப்போய்த் தாயிடம் சொல்ல, தாய் என்னை டொக்டரிடம் கொண்டுபோக வெளிக்கிட்டதுதான் மிச்சம். எனக்கே கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்காது. பேசாமல் இருந்து மற்றக் கதையைக் கேளுங்கள். பேர் ஒன்றும் போடமாட்டேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் இதையும் எழுதுகிறேன்.

அவள் என் பேத்தி. சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறோம். மகளும் மருமகனும் விடிய எழும்பி வேலைக்கு ஓடுகிறவர்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் பின்னேரம் கூட்டி வருவதும் என் உத்தியோகம். அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நானும் ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். அந்த ஒரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் படிப்பில் சரிசமம். அடுத்த வருடம் அவள் என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள்.

கதை மிகக் குறைந்த பிள்ளை. பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கிற நாளில் ரீச்சர்மார் வருடா வருடம் ஒன்றையே சொல்வார்கள்: நல்ல பிள்ளை, கெட்டிக்காரி, கொஞ்சம் வாயைத் திறந்தால் இன்னும் நல்லது. அவளுடைய பங்கையும் சேர்த்து நான் கதைத்து முடித்துவிடுகிறேன், பிள்ளைக்கு எங்கே இடம் என்று மகள் எனக்குக் குத்துவாள். விளையாட்டுக் குழுவிலோ பாட்டுக் குழுவிலோ அவளை ஒருவரும் தேடி எடுத்ததில்லை. அவளும் போய் நின்றதில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் பள்ளிக்கூடத்தில் மீடியேட்டராகத் தெரிவு செய்தார்கள். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குள் சின்னச் சண்டை வந்தால் உடனே ரீச்சரிடம் ஓடத் தேவையில்லை. தங்களைப் போன்ற இன்னொரு பிள்ளையிடம் போகலாம். அந்தப் பிள்ளை இருபக்கத்தையும் இருத்தி வைத்துக் கதைக்கும். அதற்காக ஐந்தாம் வகுப்பில் சிலரைப் பொறுக்கி, லைப்ரரிக்குள் வைத்து ஒரு ரீச்சர் கிழமைக்கு ஒருநாள் பழக்கினா. பழகி முடித்தவர்களுக்குச் சட்டைக்கு மேலே போடுகிற கையில்லாத மஞ்சள் வெஸ்ட் ஒன்று. கன்ரீன் சுவரைச் சுற்றி மூலை திரும்பினால் ஒரு மேசை, இருக்க இரண்டு நீட்டு வாங்கு. அவ்வளவுதான்.

அதைக் கேட்டவுடன், எங்கள் வீட்டில் ஒரு நீதிபதி உண்டாகிவிட்டா என்றேன். பேத்தி என்னைத் திருத்தினாள். அங்கே யார் சரி, யார் பிழை என்று ஒருவரும் சொல்லக் கூடாதாம்.

"அப்ப என்னத்துக்கு அந்த மேசை?" என்று கேட்டேன்.

"கேக்கிறதுக்கு, அம்மம்மா."

பிறகு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. கதைத்து முடிந்ததும் மீடியேட்டர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்: நீ சொன்னது இதுதானே, சரியாக விளங்கிக்கொண்டேனா என்று. பிறகு மற்றவருடைய முறை. கடைசியில், இனி என்ன செய்யலாம் என்று அவர்களிடமே கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது. யாருக்காவது அடி உதை, பெரிய ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரீச்சரிடம் சொல்லலாம். மற்றப்படி மேசையில் கதைத்தது மேசையோடு. யார் வந்து இருந்தது என்பதுகூட வெளியே போகக் கூடாது.

எனக்கு இது புதினமாக இருந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் சண்டைக்குத் தீர்ப்பு ஒன்றுதான். பெரியவளுக்கு ஒரு குட்டு, நீ பெரியவள்தானே விட்டுக்கொடு என்று ஒரு சொல். பெரிய ஆட்களின் சண்டை என்றால் கேட்கவே வேண்டாம். நன்மை தின்மைக்குப் போக்குவரத்து நின்றுவிடும். ஒரு வேலியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு வருடக்கணக்கில் கதைக்க மாட்டார்கள். பிறகு ஒரு செத்தவீட்டில் ஆளையாள் கட்டிப் பிடித்து அழுவார்கள், அதோடு சரி. எங்கள் ஆட்களைச் சமாதானம் பண்ண ஒரு பிரேதம் வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை போதுமாக இருந்தது.

வீட்டிலும் பழகிப் பார்க்கச் சொல்லி ரீச்சர் சொன்னாவாம், ஒரு சண்டை வேண்டும் என்று வந்து நின்றாள். எனக்கும் மகளுக்கும் மீன் பொரியல் சண்டை எப்போதும் கையிருப்பில் இருக்கும். குசினிக்குள் பொரித்தால் திரைச்சீலையும் வேலைக்குப் போடுகிற கோட்டும் மணக்கிறது என்று மகள் கராஜுக்குள் ஒரு காஸ் அடுப்பை வைத்திருக்கிறாள். பொரியல் என்றால் என்னை அங்கே அனுப்பிவிடுவாள். அந்தச் சண்டையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் மேசையில் இருந்தோம். முதலில் என் முறை. நான் விடுவேனா? குளிரில் நடுங்கிக்கொண்டு பொரிக்கிறேன், மீன்கூட விறைத்துப்போய்ச் சட்டிக்குள் கிடக்கிறது, கதைக்க ஆளில்லாமல் காரோடு கதைத்துக்கொண்டு நிற்கிறேன், அதுவும் ஜப்பான் கார், அதற்குத் தமிழ் தெரியாது என்று அளந்து தள்ளினேன். மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேத்தி சிரிக்கவில்லை. நான் முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மம்மா, நீங்கள் சொல்றது, கராஜுக்குள்ள தனிய நிக்கிறது உங்களுக்கு விருப்பமில்லை. மீன் இல்லைப் பிரச்சினை. எனக்குச் சரியா விளங்கினதோ?"

தனிய என்று நான் சொல்லவே இல்லை. மகள் சிரிப்பை விட்டுவிட்டு மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கராஜில் பொரித்துக்கொண்டு நின்றபோது மகள் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டு அதில் இருந்தாள். கோட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுத்தான் வந்தாள், அதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் பழகும் காலத்துக் கதை. வெஸ்ட் கிடைத்து, அவள் மேசையில் இருக்கத் தொடங்கியபிறகுதான் தொல்லை வந்தது.

ஒருநாள் பின்னேரம் பள்ளிக்கூட வாசலால் வந்தவள் என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் வெஸ்ட் அடியில் மடித்துக் கிடக்கிறது. மற்ற நாட்களில் மேலே கிடக்கும். நான் தோண்டத் தொடங்கினேன். வடையும் முகம் தூக்கலும் நெஞ்சு நோவும் எல்லாம் அந்த நாட்களில்தான். மேசையில் நடந்த சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. ஆனால் தன்னுடைய பங்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேருமே அவளைவிட ஒரு வருடம் மூத்தவர்கள். அதில் ஒருத்தி ஒரு அக்கா. அந்த அக்கா இடையில் கதைக்கத் தொடங்கியபோது இவள், "அக்கா, இது மற்றவவின்ர முறை" என்றிருக்கிறாள். எல்லாவற்றையும் இங்கிலீசில்தான் சொன்னாள், அக்கா என்ற சொல் மட்டும் தன்பாட்டில் வந்துவிட்டது. உடனே மற்றப் பிள்ளை எழும்பிவிட்டது. அவர்களுடைய வீட்டிலும் மூத்த பெண்பிள்ளையைக் கூப்பிட அப்படி ஒரு சொல் இருக்கிறதாம். ஆனபடியால் அதற்கு விளங்கிவிட்டது. நீ அவளுடைய தங்கச்சி, உன்னிடம் நான் என் கதையைச் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரீச்சரிடம் போய்விட்டது. எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

ரீச்சர் ஏசவில்லையாம். அந்த மேசையில் எல்லாருக்கும் பேர் மட்டும்தான் என்று சொன்னாவாம். அப்படிக் கூப்பிடுவது கஷ்டம் என்றால் இந்தச் சண்டையை வேறு ஒரு மீடியேட்டர் பார்க்கட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, சனி ஞாயிறு யோசித்துப்போட்டு வா என்று விட்டிருக்கிறா.

அப்படியென்றால் வேறு பிள்ளை பார்க்கட்டுமே, உனக்கேன் வில்லங்கம் என்றேன்.

"அது என்ர மேசை, அம்மம்மா," என்றாள்.

பிறந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். விளையாட்டுச் சாமானை இன்னொரு பிள்ளை பறித்துக்கொண்டு போனால் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. என்ர என்று அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

யார் அந்த அக்கா என்று எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இவள் அக்கா என்று கூப்பிடுவது ஒருத்தியைத்தான். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிற எங்கட ஊர்ப்பக்கத்துக் குடும்பம். ஒரே பிள்ளை. எங்கடவளுக்கு நடைபாதையில் சைக்கிள் ஓடப் பழக்கியது அந்தப் பிள்ளைதான். அவளுக்குச் சின்னதாய்ப் போன பள்ளிக்கூடச் சட்டைகளைத் தாய் தோய்த்து, அயன் பண்ணிக் கொண்டுவந்து தருவா. எங்கடவள் அதைத்தான் போட்டுக்கொண்டு போவாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தாய்தான் என்னைத் தன் காரில் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவ.

இனிப் பேர் சொல்லிப் பழக வேண்டும். அது இலேசான வேலை இல்லை. கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து, ஒருநாள் மூத்ததென்றாலும் பேர் சொல்லாதே, அக்கா சொல்லு, அண்ணா சொல்லு என்று நான் சொல்லிச் சொல்லி வளர்த்த வாய் அது. சனிக்கிழமை காலை வளவுக்குள் நின்று உடுப்புக் காயப்போடுகிற கம்பியைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள். யன்னலால் கேட்டுக்கொண்டு நின்றேன். பேர் வரும். அதன் பின்னால் அக்கா என்று ஒரு வாலும் வந்துவிடும். மறுபடி தொடங்குவாள், மறுபடியும் வால்.

நான் உள்ளே கூப்பிட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடு."

நான் ஏதோ கன்னத்தில் அடிக்கச் சொன்னது மாதிரிப் பார்த்தாள். பகிடி விடுகிறேன் என்று நினைத்தாள், நான் பகிடி விடாத நாள் இல்லை, அவளில் பிழையும் இல்லை. நான் விளங்கப்படுத்தினேன். எழுபது வயதுக் கிழவியைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியுமென்றால் பிறகு ஒரு வயது மூத்தவளைக் கூப்பிடுவதற்கு என்ன பயம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரிட்ஜ் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். கேட்கவில்லை என்றேன். இன்னொருதரம் சொன்னாள். பால் பழுதாகப் போகுது, கதவைப் பூட்டிப்போட்டு முன்னுக்கு வா என்றேன். வந்து, லைப்ரரியில் பழக்கியபடி முகத்தை நேராகப் பார்த்து, என் பேரைச் சொல்லி, உங்கட முறை முடிஞ்சுது, இனி மற்றவ கதைக்கட்டும் என்றாள்.

நான் தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தேன். அந்தப் பேரை வாயால் சொல்லுகிற ஆட்கள் எனக்கு இப்போது இல்லை. அம்மா போய்விட்டா, கூடப்பிறந்தவர்களும் போய்விட்டார்கள். என் மனிசன் இருந்த காலம் முழுக்க என்னை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிட்டார். மகளின் சினேகிதப் பிள்ளைகளுக்கு நான் அன்ரி. கோயிலில் இன்னாருடைய தாய். டொக்டரின் முன்மேசையில் இருக்கிற பிள்ளை என் பேரைத் துண்டு துண்டாக உடைத்து, எந்தத் துண்டை முதலில் சொல்வதென்று தெரியாமல் நிற்கும். நான் பாவம் பார்த்து, பேர் முடிய முதலே எழும்பிப் போய்விடுவேன். இங்கே என் குசினிக்குள் என் பேத்தி ஒரு எழுத்தும் பிசகாமல் அதைச் சொன்னாள். நான் பழக்கிய தமிழ். முழுப் பேரும் முழுதாக இருந்தது.

திரும்பச் சொல்லு, இன்னும் வாய் வரவில்லை என்றேன். வாய் நல்லாக வந்துவிட்டது. அது எனக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மகள் கடைச் சாமான்களோடு பின்கதவால் வந்தாள். தன் பிள்ளை தன் தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். பைக்குள் இருந்து ஒரு வெங்காயம் விழுந்து உருண்டது. அதைக்கூட எடுக்கவில்லை. ஹோம்வேர்க் என்றேன். அரசாங்கக் கந்தோர்களுக்கு ரெலிபோனில் எனக்காகக் கதைக்கும்போது அல்லாமல் அவள்கூட என் பேரைச் சொன்னதில்லை. முழுக் கதையையும் கேட்டபிறகும், இப்படியும் ஒரு வீட்டுவேலையா என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மூன்று பேரும் மேசைக்குப் போனார்கள். பேத்தி பேர் சொல்லித்தான் கூப்பிட்டாள். அங்கே என்ன கதைத்தார்கள், எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது என்று முதலே சொல்லிவிட்டேன், இனியும் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், பின்னேரம் வாசலால் வந்தபோது வெஸ்ட்டைக் கழற்ற மறந்து போட்டபடி வந்தாள். வீடுவரை அதோடுதான் நடந்தாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை கன்ரீனுக்குள் அந்த அக்காவின் தாய் நின்றிருக்கிறா. தாய்மார் முறை வைத்து அங்கே போய் உதவி செய்வார்கள். மூலைக்கு அந்தப் பக்கம் இருந்த மேசை அவவுக்குத் தெரியவில்லை. எங்கடவளுடைய குரல் மட்டும் கேட்டிருக்கிறது. தன் மகளின் பேர், மொட்டையாக.

அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, கார் வரவில்லை. இந்தக் கிழமை வசதிப்படவில்லை என்று மகளுக்கு ஒரு செய்தி வந்தது. குளிருக்குத் தருவதாகச் சொன்ன பள்ளிக்கூடச் சுவெட்டரும் வரவில்லை. பின்னேரங்களில் சைக்கிளில் வருகிற அவவின் மகளையும் காணவில்லை. மகள் ரெலிபோன் எடுத்துக் கேட்டாள். அந்தத் தாய் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெல்லத்தான் சொன்னாவாம்.

"என்ர மகளின்ர சட்டையைப் போட்டுக்கொண்டே உங்கட மகள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுறாவோ?"

மகளுக்கு அது சுட்டுவிட்டது. பிள்ளையைக் கூப்பிட்டு, இப்போதே போய் மன்னிப்புக் கேட்டு, மீடியேட்டர் விஷயம் என்று சொல்லிவிட்டு வா என்றாள். மன்னிப்புக் கேட்கிறேன், ஏன் என்று கேட்டால் மட்டும் சொல்ல முடியாது என்றாள் பிள்ளை. சொன்னால் அந்த அக்கா மேசைக்கு வந்து இருந்தது தெரிந்துவிடும். அக்கா தன் வீட்டில் சொல்லவில்லை. இவள் எப்படிச் சொல்வது? இது என்ன பெரிய அரசாங்க ரகசியமா என்று மகள் சத்தம் போட்டாள். எங்களிடம் சொன்னதே கூடிப்போச்சு என்று பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. அவள் சொல்லாமல் நான்தான் மோப்பம் பிடித்தேன், அதை நான் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டே ஒன்று சொன்னாள்.

"நான் சொன்னா, இனி ஒருத்தரும் அந்த மேசையில வந்து இருக்க மாட்டினம் அம்மா."

மகள் அதற்குப் பிறகு கத்தவில்லை. குசினிக்குள் போய், கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினாள்.

நான் இரண்டு நாள் யோசித்தேன். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அக்கா தன்னைக் கண்டால் சிரிக்கிறா என்று பேத்தி சொன்னாள். வீங்கிக்கொண்டிருந்தது பெரிய ஆட்கள்தான். பிள்ளைகளின் மேசையில் பிழையை ஒருவருடைய தலையிலும் வைப்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு அது சரிவராது. ஒரு பிழை நடந்தால் அதை எங்கேயாவது இறக்கி வைத்தால்தான் நெஞ்சு ஆறும். சின்னவளுடைய தலையில் இறக்க ஏலாது. மகளுடைய தலையில் வைத்தால் இரண்டு வீடும் முறியும். என் தலை சும்மாதான் கிடந்தது.

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு பார்க் இருக்கிறது. பின்னேரம் பிள்ளைகள் ஊஞ்சலில் ஆட, எங்கள் பெண்கள் வாங்கில் இருப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தனியச் சொன்னால் அது முறைப்பாடு மாதிரிப் போய்விடும் என்று நான் பார்க்குக்கே போனேன். அந்தத் தாய் இருந்தா. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெண்ணும், இன்னும் இரண்டு பேரும் கூட இருந்தார்கள். வாங்கோ அன்ரி என்று அந்தத் தாய் மரியாதையாக இடம் தந்தா, ஆனால் முகம் ஊஞ்சல் பக்கம்.

"பிள்ளை, கோவமெண்டால் என்னில கோவியும். உம்மட மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லிப் பழக்கினது நான்தான்."

எல்லாரும் திரும்பினார்கள். அந்தத் தாய் நம்பவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அக்கா அண்ணா சொல்லிக் கொடுக்கிறவ நீங்கள்தானே அன்ரி என்றா. ஓம் என்றேன். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை, நாலு பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று பேர் சொல்லிக் கதைக்கப் பழகட்டும் என்று நான்தான் நினைத்தேன், மூன்றாம் ஆளிடம் தொடங்கினால் பயப்படுவாள், நெருங்கின ஆள் உம்மட மகள்தான் என்றேன். நான் சொன்னதில் முழுப் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் கொஞ்சம்.

அவ மெல்லக் கதைக்கத் தொடங்கினா. மகளிடம் கேட்டால், பரவாயில்லை அம்மா என்று மட்டும்தான் சொல்கிறாளாம். அதுதான் தனக்கு இன்னும் பயமாகிவிட்டதாம். எனக்கு நடுவில் சொல்ல நாலு பகிடி வாயில் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவ முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"என்ர பிள்ளைக்குக் கூடப்பிறப்பு இல்லை, அன்ரி. இந்த நாட்டில அவளை அக்கா எண்டு கூப்பிட ஒரு வாய்தான் இருந்தது. அதுவும் போயிட்டுதோ எண்டு நினைச்சன்."

எனக்கு அது தெரியாமல் இருந்தது. சட்டையைப் பற்றின கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த வாய் போகவில்லை, வீட்டுக்கு வந்து கேட்டுப் பாரும் என்று மட்டும் சொன்னேன். அவ கண்ணைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு வயது போகப்போக விளையாட்டுக் கூடிப்போச்சு அன்ரி என்றா. என் புத்தி கொஞ்சம் தடுமாறத் தொடங்கிவிட்டது என்று நினைத்திருப்பா. நினைக்கட்டும். புத்தி தடுமாறின கிழவியோடு ஒருவரும் வருடக்கணக்கில் கோபித்துக்கொண்டு இருப்பதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கார் வந்தது. சுவெட்டர் பின் சீற்றில் மடித்து இருந்தது, அதற்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளை. எங்கடவள் கதவைத் திறந்து, "அக்கா, கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்றாள். முன்னால் இருந்த தாய் கண்ணாடியில் பார்த்தா. பார்த்துவிட்டுக் காரை எடுத்தா. பேத்தி எப்போதும்போல வெஸ்ட்டோடு மேசைக்குப் போய்வந்தாள். கொஞ்ச நாளில் அந்தத் தாயும் மகளும் தங்களுக்குள் என்ன கதைத்தார்களோ, அது அவர்கள் வீட்டு விஷயம்.

பார்க்கில் இருந்த மற்றவர்களுக்குத்தான் நித்திரை வரவில்லை. அடுத்ததரம் நான் பார்க்குக்குப் போன பின்னேரம் மதுரைக்காரப் பெண் என் பக்கத்தில் ஒட்டி இருந்துகொண்டு, உண்மையைச் சொல்லுங்க ஆன்ட்டி, அந்த ஸ்கூல்ல என்னதான் நடந்துச்சு என்று பிடித்தா. மற்ற இரண்டு பேரும் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிட்ட வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாம் எங்கள் குசினிக்குள்தான் நடந்தது என்றேன். முதலில் என்னை வைத்துத்தான் பழக்கினேன் என்றேன்.

"உங்களையா? உங்க பேரைச் சொல்லியா கூப்பிட்டா?"

"ஓம். என்ர பேரைத்தான். நல்லாத்தான் இருந்தது."